பக்கத்து இருக்கை

டோர்ட்மண்ட், ஜேர்மனி

என் செல்ல மகளுக்கு,

ஜூலையில் நான் சியோலுக்கு வரும்போது கேளிக்கைப் பூங்காவுக்குப் போக மூன்று சீட்டு எடுக்கச் சொல்லியிருந்தேன். கொஞ்சம் பொறு.

உன் கலியாணத்துக்கு வராத அப்பா, நான்கு வருடமாக உன் கணவரை ‘அந்தக் கொரியாப் பெடியன்’ என்றே சொல்லி வருகிறார். என் பயணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேற்று என் கைபேசியில் பூங்காவின் படங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

“உந்த ரோலர் கோஸ்டரிலை ரெண்டு ரெண்டு பேராத்தானே இருக்கிறது? மருமகன் பயப்பிடுவாரெண்டா, நான் பக்கத்திலை இருக்கிறன் எண்டு எழுதும்.”

“ஓம்” என்றேன்.

நான்கு சீட்டாக எடு, பிள்ளை. பேருந்தில் போனாலே தலை சுற்றுகிற மனிதர். அதற்கான மருந்துக் குளிசையை நான் கொண்டுவருகிறேன்.

அம்மா