கோவக்கொடியில் வந்த கட்டி

ஜூலை 3, புதன்
வேலியில் படர்ந்த கோவக்கொடியில் கணுவுக்குக் கணு கட்டி. விரல் தடிமன். போன மாசம் இல்லை. என் வீட்டுக்காரர் காளிச்சாமி நட்ட கொடி. அவர் போய் நாற்பது நாள் ஆகிறது.

ஜூலை 5, வெள்ளி
தோட்டத்துக்காரர் குமாரசாமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார். அவர் பாவக்காய்ப் பந்தலிலும் கட்டியாம். "உன்ற கொடியில இருந்துதான் தொத்துது சின்னத்தாயி. வேரோட புடுங்கிப் போட்டுரு."
என் வீட்டுக்காரர் கழுத்தில் கட்டி வந்தபோதும் இதே பேச்சுதான் — தொத்துமாம். ஊரில் ஒருத்தரும் எங்க ஊட்டில் தண்ணி குடிக்கவில்லை. இப்போ கொடிக்குமா?

ஜூலை 8, திங்கள்
அவர் பந்தலில் நான் கூலிக்குக் களை எடுக்கும்போது தோட்டத்துக்காரர் சொன்னார். "ஆடிப் பதினெட்டு வரைக்கும் பாப்பேன். அப்பறம் நானே ஆளு உட்டு வெட்டிப்போடுவேன். நீயும் வேலைக்கு வர வேண்டாம்."

ஜூலை 9, செவ்வாய்
கொடிக்குத் தண்ணி ஊற்றலாமா என்று யோசித்தேன். ஊற்றினேன்.

ஜூலை 11, வியாழன்
காலேஜில் பூச்சி படிக்கிற லோகப்பிரியா பந்தலைப் பார்க்க வந்தாள். கட்டியைப் பிளந்து காட்டினாள். உள்ளே புழு, எள்ளைவிடச் சின்னது. கொசு மாதிரி ஒரு ஈ முட்டை வைக்குமாம்.
"அப்ப ரெண்டுலயும் ஒரே ஈதானே அம்மணி?" என்றார் தோட்டத்துக்காரர்.
"பார்வைக்கு அப்படித்தாங்க இருக்கும். வளத்திப் பாத்தாத்தான் தெரியும்."
மூன்று வாரம் ஆகுமாம். இரண்டு கொடியிலும் கட்டியை நறுக்கி, தனித்தனி பாட்டிலில் போட்டுத் துணி கட்டி எடுத்துப் போனாள்.

ஜூலை 19, வெள்ளி
"காலேஜுல ஈக்கு ஜாதகம் பாக்கறாங்களாமா சின்னத்தாயி?" தோட்டத்துக்காரர் சம்சாரம் சாமியாத்தாள். பந்தலில் வேலை செய்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துப்போட்டேன். ஏன் சிரித்தேன்?

ஜூலை 30, செவ்வாய்
லோகப்பிரியாவுக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. நிசமாகவே என் கொடிதான் என்றால்? அடுத்தவர் பொழப்பைக் கெடுத்துக்கொண்டு வைத்திருக்க முடியுமா? அப்போ வெட்டத்தான் வேணும். கை வருமா?

ஆகஸ்ட் 2, வெள்ளி
வந்தாள். என் கொடியில் வந்த ஈயை வலைக்குள்ளே பாவக்காய்ச் செடியோடு விட்டாளாம். அதில் ஒரு கட்டிகூட வரவில்லை. கோவைச்செடியில் மட்டும் வந்ததாம். "அது வேற ஈ, இது வேற ஈங்க. கோவையை வெட்டினாலும் உங்க பந்தல்ல கட்டி நிக்காதுங்க."
தோட்டத்துக்காரர் தொண்டையைச் செருமினார். "செரி. நாளைக்கும் எப்பவும் போல வேலைக்கு வந்துரு."
"எங்க வீட்டுக்காரரு கட்டியும் தொத்தலீங்க" என்றேன். கத்திவிட்டேன் போல. அவர் துண்டை உதறிக்கொண்டு போனார்.
கட்டி வந்த கிளைகளை நறுக்கி எரிக்காவிட்டால் என் கொடிதான் நலியும் என்று லோகப்பிரியா சொன்னாள்.

ஆகஸ்ட் 3, சனி
பந்தலுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. ஊட்டில் வேலை இருக்குதுங்க என்று சொல்லி அனுப்பினேன். கட்டி வந்த கிளைகளை மட்டும் பார்த்துப் பார்த்து நறுக்கி எரித்தேன். மத்தியானம் ஆகிவிட்டது.