பின்னால் நின்று பிடித்தவன்

சாலை, திருவனந்தபுரம்
12-2-1974

மரியாதைக்குரிய அப்பாவுக்கு வேலப்பன் கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். அம்மைக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது?

சனிக்கிழமை எங்கள் கடை வாடகை நாற்காலிகளைப் போட ஒரு ராக் கச்சேரிக்குப் போனேன். நான் பார்க்கிற முதல் ராக் கச்சேரி. கிதாரும் டிரம்மும் சேர்ந்து இரைந்தபோது நம் கோயில் கொடை மேளம்போல நெஞ்சு அதிர்ந்தது. முன்வரிசையில் ஒருவன் முடியை விரித்துப்போட்டுத் தலையைச் சுழற்றினான். நீங்கள் சாமியாடும்போது விழுந்துவிடாமல் நான் இடுப்பைப் பிடிப்பேனே, அப்படியே அவனையும் பின்னாலிருந்து பிடித்து, நெற்றியில் திருநீறு பூசிவிட்டேன்.

“போக்கெட்டடிக்காரன்! அடிக்கடா அவனெ!” என்று, என்னை ஜேப்படித் திருடன் என்று நினைத்து அவன் மலையாளத்தில் கத்தினான். நான் போட்ட இரும்பு நாற்காலியாலேயே என் வாயில் அடித்தான். விழுந்த என்னை ஏழெட்டுப் பேர் மிதித்தார்கள். பாட்டு நிற்கவே இல்லை. மிதியும் தாளத்தோடுதான் விழுந்தது. பயப்பட ஒன்றுமில்லை.

அம்மையிடம் முறுக்கு சுட வேண்டாம் என்று சொல்லுங்கள். கொஞ்ச நாளைக்குக் கடிக்க முடியாது. கஞ்சிக்குக் குருணை கொடுத்துவிடுங்கள். திருநீறும் தீர்ந்துவிட்டது.

ஊருக்குப் போகிற ஆள் அவசரப்படுகிறார். கொடைக்கு எனக்கு லீவு இல்லை. உங்களுக்குப் பின்னால் தம்பியை நிறுத்துங்கள். பிடிக்க ஆளில்லாமல் விழுந்தால் எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

உங்கள்
வேலப்பன்