தலைகீழாகத் தொங்கும் கிளி

இன்று காலை என் மகள் கவிதாவின் புது வீட்டுக் குளியலறையில் டைல்ஸ் ஒட்ட வந்த தம்பி என்னைக் கூப்பிட்டான். "ஏனுங்கம்மா, இந்தப் பழைய கிளி டைல்ஸைத் தலைகீழா வெக்கச் சொல்றீங்களே, பாக்கறவங்க என்னையல்லோ திட்டுவாங்க?"

"திட்டுனாத் திட்டட்டும் கண்ணு, நீ வை" என்றேன். கலந்து வைத்த சிமெண்டின் ஈர வாசம் மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், நீ என் மனசில் வந்து நின்றுவிட்டாய். நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப் போகிறது. ஆனாலும் என் பெருமையை எல்லாம் உன்னிடம் கொட்டித்தானே பழக்கம்? கேட்டுக்கொள்.

அப்போது கவிதாவுக்கு ஆறு வயது. இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பியிருந்தது. எங்கே போனாலும் என் இடுப்பில்தான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது பெரிய டீச்சர் தன்மையாகத்தான் சொன்னார். "பாத்ரூமுக்குத் தனியாப் போய்ட்டு வரோணுங்க. தூக்கிட்டுப் போக இங்க ஆளில்லீங்க. பழக்கிப்போட்டு ஜூன்ல கூட்டிட்டு வாங்க."

எங்கே பழக்குவது? எங்கள் குளியலறை பின்பக்கம் இருந்தது. இருட்டு, பாசி பிடித்த தரை. அங்கே ஒருமுறை விழுந்து மோவாய் கிழிந்ததிலிருந்து, கதவைப் பார்த்தாலே என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறுவாள். ஜூனுக்கு இரண்டே மாதம். அந்த வருஷம் விட்டால் அவள் படிப்பே அவ்வளவுதான் என்று நான் பயந்து கிடந்தேன்.

எதிர்வீட்டுக்காரி நீ. பத்து வருஷமாகச் சித்தாள். பெண்பிள்ளை கலவை சுமக்கலாம், பூசும் கரண்டி பிடிக்கக் கூடாது என்பது மேஸ்திரிகளின் எழுதாத சட்டம். நீயோ சுமந்துகொண்டே எல்லாவற்றையும் பார்த்து வைத்திருந்தாய். "ஏனுங்கக்கா, அந்த எடம் தன்னோடதுன்னு புள்ளைக்குத் தோணோணும். நான் செஞ்சு தாரனுங்க" என்றாய்.

மில்லிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் சிரித்தார். "தண்ணி வாத்துக்கற எடத்துக்கு எதுக்கு இத்தன சோக்கு? சித்தாளு பூசுன செவுரு நிக்குமா?"

எனக்கு வந்ததே கோபம்! "நின்னா நீங்க சாஞ்சுக்கங்க. உழுந்தா எம்மேல உழுகட்டும்" என்றேன்.

காந்திபுரத்தில் நீ சிமெண்டு இறக்கப் போகும் கடை பாய், மாடல் மாறிப்போன சாம்பிள் டைல்ஸ் ஒரு மூட்டை கொடுத்தார். "சும்மா கெடக்குதும்மா, எடுத்துட்டுப் போங்க." ஒவ்வொன்றிலும் ஒரு படம், ஒன்று போல் ஒன்று இல்லை. டவுன் பஸ்ஸில் அந்த மூட்டையைக் காலால் தள்ளிப் பார்த்த கண்டக்டர், "என்னம்மா இது, இந்தக் கனம் கனக்குது?" என்றான். நீ முகம் மாறாமல், "கிளி, மாங்கா, மீனுங்க" என்றாய். பஸ்ஸே சிரித்தது.

மேஸ்திரி தேய்ந்துபோனதென்று எறிந்த கரண்டிதான் உன் கருவி. கவிதாவைச் சுவரோரம் நிறுத்தி, அவள் உள்ளங்கை படும் இடங்களில் மட்டும் கரியால் குறி வைத்தாய். பழைய இரும்புக் கடைக் குழாய் கைப்பிடி ஆனது. ஈரத் தரையில் தென்னந்துடைப்பத்தால் கோடு இழுத்தாய், வழுக்கக் கூடாதென்று. உன் வீட்டுக் கதவுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயிண்டு மேல்சுவருக்கு.

முதல் டைல்ஸை அந்தக் கரிக்குறியில் ஒட்டினாய். நூலும் ரசமட்டமும் பார்த்தாயே தவிர, படத்தைப் பார்க்கவில்லை. கிளி தலைகீழாக ஒட்டிக்கொண்டது. "ஐயோ, மொதல் வேலையே இப்பிடிப் பண்ணிப்போட்டனே!" என்று அதைப் பெயர்க்கப் போனாய். கவிதாதான் உன் கையைப் பிடித்தாள். "எடுக்காதீங்கத்தை. கிளி தொங்கிட்டுப் பழந் திங்குது."

அதன் பிறகு பயம் எங்கே போனதோ! "கிளி மேல கை வை, ரெண்டு எட்டு. மாங்கா மேல கை வை, ரெண்டு எட்டு. மீனுகிட்ட உக்காந்துக்க" என்று நீ சொல்லிக் கொடுத்தாய். வீட்டுக்கு யார் வந்தாலும், "எம்பட பாத்ரூமு பாக்கறீங்களா?" என்பாள். என் வீட்டுக்காரரோ தினமும் அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் பல் விளக்கினார். நான் விடுவேனா, தினமும் சொல்லிக் காட்டினேன்.

ஜூன் மாதம் நீயும் வேலைக்குப் போகாமல் கூட வந்தாய். பள்ளிக்கூடத்துப் பாத்ரூமை எட்டிப் பார்த்தேன். வெறும் வெள்ளைச் சுவர். கிளியும் இல்லை, மீனும் இல்லை. பழக்கதோஷத்தில் அவளைத் தூக்கக் குனிந்தேன். நீ என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாய். "உடுங்கக்கா."

அவள் உள்ளே போனாள். கதவுக்குப் பின்னால் சின்னக் குரல் கேட்டது. "கிளி... ரெண்டு எட்டு. மாங்கா... ரெண்டு எட்டு. மீனு." பிறகு தண்ணீர்ச் சத்தம். பாவாடை ஓரம் நனைந்து வெளியே வந்தவள், "இங்க கிளி இல்லீங்கம்மா, நானே வெச்சுக்கிட்டேன்" என்றாள்.

"யாருங்க பழக்குனது?" என்று டீச்சர் கேட்டார்.

"இவங்கதானுங்க. டைல்ஸ் கொத்தனாரு" என்று உன்னைக் காட்டினேன். நீ தலை குனிந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாய். மறுநாள் அந்தத் தேய்ந்த கரண்டியோடு வேலைக்குப் போனாய். மேஸ்திரி கெக்கலித்தார். நீ வேறு மேஸ்திரியைத் தேடிக்கொண்டாய். அப்புறம் பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர் வீடு, வெள்ளகோவில் கல்யாண மண்டபம் என்று உன் கை படாத ஊர் உண்டா? அந்த மண்டபத்துக்குப் போனால் நான் சாப்பாட்டுக்கு முன்னால் சுவரைத்தான் போய்ப் பார்ப்பேன்.

கவிதா இப்போது பேங்கில் வேலை பார்க்கிறாள். பழைய வீட்டை இடித்தபோது அந்த ஒரு கிளியைச் சேதமில்லாமல் பெயர்த்து எடுத்துக்கொண்டாள். மாங்காயும் மீனும் உடைந்துபோயின.

எனக்கோ முழங்கால் போய்விட்டது. ஈரத் தரையில் கால் வைக்கவே பயமாக இருக்கிறது. இப்போதிருக்கும் வாடகை வீட்டுக் குளியலறைச் சுவரில் கை வைத்து நிற்கும்போது வாய் தானாகச் சொல்கிறது: கிளி, ரெண்டு எட்டு. மாங்கா, ரெண்டு எட்டு. நேற்று வெளியிலிருந்து அதைக் கேட்ட கவிதா, என்னைத் தாங்கிப் பிடிக்க ஓடி வந்த மருமகனின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாளாம்.

"உடுங்க" என்றாளாம். "அம்மாவே வந்துருவாங்க."