எழுநூற்று இருபதில் வை

அன்புள்ள வானதிக்கு அம்மா எழுதுவது. நான் வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டு இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் அந்த ஊர்க் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருந்தால் எனக்கு அது போதும். போனிலேயே சொல்லலாம், ஆனால் நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய், எனக்கோ அழுகை வருவதில்லை, சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகிறது. அதனால்தான் தாளில் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

இங்கே நாலு நாளாக மழை. சம்பாப் பயிர் தண்ணீரில் நிற்கிறது. குத்தகைக்குப் பார்க்கும் குணசேகரன் வந்து வடிகால் வெட்டிவிடட்டுமா என்று என்னிடம் கேட்டார், இத்தனை வருஷமும் அப்பாவிடம்தான் கேட்பார், நான் சரி என்றேன். அப்பா போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருக்கிறது. கவலைப்படாதே, பிரஷர் மாத்திரையை விடாமல் போடுகிறேன்.

காரியம் முடிந்து கிளம்பும்போது அப்பா இருக்கிற வீடியோக்களையெல்லாம் உன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி நம் டிவியில் பார்க்கிறமாதிரி செய்துதருகிறேன் என்றாயே, அது வந்தது, ஆனால் படம் விட்டு விட்டு ஓடியது, சத்தம் அறவே இல்லை. வந்ததிலிருந்து பத்து நாளாக நான் அப்படியே பார்த்தேன். வரப்பில் நின்றுகொண்டு அப்பா என்னவோ சொல்கிறார், வாய் அசைகிறது, கையை வீசுகிறார். எடுத்தவள் நான்தான், என்ன சொன்னார் என்று எனக்கு நினைவில்லை. நேற்று மன்னார்குடியிலிருந்து டிவி ரிப்பேர் பார்க்கும் நெய்னா முகம்மதுவை வரச்சொன்னேன். அவர் பார்த்துவிட்டு, “உங்க டிவி பழசும்மா, பாப்பா அனுப்புறது ஹெச்.இ.வி.சி.ன்னு புது மாதிரி வீடியோ, அது இதுக்குத் திக்குது, சவுண்டும் ஆறு ஸ்பீக்கருக்கு உள்ளது, இது வாங்கிக்காது” என்றார். பிறகு செட்டிங்கில் படத் தெளிவு ஒரிஜினல் என்று இருந்ததை 720 என்று மாற்றினார். அப்படி மாற்றினால் உன் கம்ப்யூட்டர் அங்கேயே அதை நம் டிவிக்குப் புரிகிறமாதிரி பிரித்துக் கட்டி அனுப்புமாம். கொஞ்ச நேரம் வட்டம் சுற்றியது. அப்புறம் அப்பா, “கமலா, போன கீழ வையி, வெயில்ல நிக்காத, உள்ள போ” என்றார்.

நெய்னா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சத்தம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவருக்குக் காபி போட உள்ளே போனேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது, துடைத்தேன்.

ஒவ்வொரு தடவையும் உன் கம்ப்யூட்டர் மாற்றி அனுப்பினால் நின்று நின்று வருமாம், முன்கூட்டியே மாற்றி வைக்கச் சொன்னார். அவர் எழுதிக் கொடுத்தது இதுதான்: படம் ஹெச்.264, ஒலி ஏ.ஏ.சி. ஸ்டீரியோ, ஃபைல் எம்.பி.4. 1080 வைத்தால் முகத்துச் சுருக்கம்கூடத் தெரியுமாம், மழை நாளில் நம் நெட் லைன் அதைத் தாங்காது, 720 போதும் என்று சொல்லிவிட்டேன். உனக்கு லீவு கிடைக்கிறபோது செய், அவசரமில்லை.

நீங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக நல்லபடியாக இருக்க வேண்டும், வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

ஒன்று மட்டும் மறக்காதே. ஆஸ்பத்திரியில் கடைசி நாள் நான் எடுத்த வீடியோவை எதுவாகவும் மாற்ற வேண்டாம். அதில் அப்பா என்னைப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்கிறார். இதுக்கும் சத்தம் வருமா என்று நெய்னாவிடம் கேட்டேன். “எங்க நின்னு எடுத்தீங்க?” என்றார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே என்றேன். அவர் சவுண்டைக் கூட்டிப் பார்க்காமலே ரிமோட்டை என் கையில் கொடுத்தார்.

உன் அம்மா
கமலாம்பாள்