சீரியல் தலைப்பில் உன் பெயர்

ஏலே சாதிக், என் உசுரு மாப்ளே,

நம் சீரியல் தலைப்புக்குச் சேனலில் சரி சொல்லிவிட்டார்கள். திண்டுக்கல் மாடி அறையில் நீ எழுத்தை வரைய, நான் அதை அசைய வைத்த கடைசித் தலைப்பு. அதன் கடைசிப் புள்ளி துள்ளி விழுந்து கதாநாயகி நெற்றியில் பொட்டாக ஒட்டுமே, அதைத்தான் முதலில் பாராட்டினார்கள். "கேவலமா இருக்குடா" என்று நான் நாள்கணக்கில் உன்னோடு சண்டை போட்ட அதே புள்ளி. நீ ஜெயித்துவிட்டாய். போதுமா?

ஒன்று கேட்க வேண்டும். உன் கோப்புகள் எல்லாவற்றுக்கும் ஏன் "கடைசி" என்றே பெயர் வைத்தாய்? கடைசி, புதுக்கடைசி, உண்மையான கடைசி. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் வேலையை முடித்தேன். அந்தக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோகும் முன் நீ கடைசியாக எதில் கை வைத்தாய் என்று இனி யாரைக் கேட்பது?

அனுப்பிய மறுநாள் சென்னையிலிருந்து தயாரிப்பு மேலாளர் பேசினார். உனக்குத்தான் தெரியுமே, நல்ல மனுஷன். குரல் உடைந்துதான் இருந்தது.

"தம்பி, சாதிக்குக்குத் தனியா ஒரு கார்டு போட்டுருவோம். போட்டோ, மாலை, பக்கத்துல குத்துவிளக்கு. சுடர் மட்டும் லேசா ஆடட்டும்."

"சார், அவன் பேகம்பூர் பாய். அவங்க வீட்ல மாலை, விளக்கெல்லாம் கிடையாது."

"ஐயையோ, ஆமால்ல! சரி, விளக்கு வேணாம். ஊதுபத்தி வச்சுருவோமா?"

நீ இருந்திருந்தால் நாற்காலியோடு கவிழ்ந்திருப்பாய். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. சிரித்து முடிக்க முடியவில்லை.

"கார்டே வேணாம் சார். எப்பவும் வர்ற எடத்துல 'எழுத்து வடிவமைப்பு: சாதிக்'. அம்புட்டுதான்."

"அது ஆகாதுப்பா. புது சீரியல், முதல் நாள். உயிரோட இருக்கறவங்க பேருக்கு நடுவுல இறந்தவர் பேர் வந்தா யூனிட்டே பயப்படும்."

எனக்குத்தான் பொறுமை என்பதே கிடையாதே. "அப்ப தலைப்பையும் எடுத்துருங்க சார். அதுல ஒவ்வொரு எழுத்தும் அவன் கை. வெறும் திரைய வச்சுப் பாட்ட ஓட்டுங்க" என்றேன்.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். பிறகு, "போட்டுத் தொலை. 'மறைந்த'னு மட்டும் முன்னாடி சேத்துராத" என்றார். சேர்க்கிற எண்ணம் எனக்கு எப்போது இருந்தது?

முதல் நாள் உங்கள் வீட்டில்தான் பார்த்தேன். அம்மா மதியத்திலிருந்தே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்களாம். உன் தங்கச்சி சொன்னாள். பாட்டு தொடங்கியது.

"ஏப்பு, எம்புள்ள பேரு எப்ப வரும்?"

"இந்தா வருதும்மா. வலது பக்கம் பாருங்க."

"நமக்கு வலதா, டிவிக்கு வலதா?" என்று அம்மா என் பக்கம் திரும்பினார்கள். அதற்குள் உன் பெயர் வந்து, போயும்விட்டது.

"போயிட்டானா? செத்த நேரம் நின்னாத்தான் என்னவாம் அவனுக்கு?"

நீ வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடும்போது திட்டுகிற அதே குரல். போனைக் கையில் எடுத்து, "இதுல திருப்பி ஓட்டிக் காட்டட்டுமாம்மா?" என்றேன்.

"வேணாம்ப்பு. நாளைக்கும் வருவான்ல?"

"வருவான்மா."

அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள். சோற்றுக்கு வெஞ்சனம் கத்தரிக்காய்தான். உனக்குப் பிடிக்காது என்று அந்த வீட்டில் சமைக்காமலே இருந்தார்கள். நன்றாகச் சாப்பிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

மாப்ளே, தலைப்பைத் திருத்தப் போகிறேன். உன் பெயரை மட்டும் கூடுதல் நேரம் நிறுத்தினால் நீயே என்னை வைவாய். அதனால் எல்லார் பெயரையும் அவ்வளவு நேரம் நிறுத்துகிறேன். அதற்குப் பாட்டின் நீளம் பத்தாது. கதாநாயகி பூக்கூடையோடு சுற்றிச் சுற்றி வருகிறாளே, அதை வெட்டுகிறேன். மேலாளர் கத்தட்டும். அம்மா என்னிடம் ஏதாவது கேட்டுவிட்டுத் திரும்பினாலும் நீ திரையில் இருப்பாய். இது சத்தியம்.

உன் மாமன்,
கார்த்தி