துண்டில்லாமல் தந்த குளிசை

இன்று காலை கடை திறந்த கையோடு ஒருவர் வந்து, வெறுமையான குளிசை அட்டையொன்றை மேசையில் வைத்து, "இதே கப்சூல் பத்துத் தாங்கோ" என்றார். அட்டையில் மருந்தின் பெயர் பாதி கிழிந்திருந்தது. மீதிப் பாதியே எனக்குப் போதுமாயிருந்தது. உனக்கு நான் தந்ததும் அதுதான்.

டொக்டர் எழுதித் தந்த மருந்துத் துண்டு இல்லாமல் தர முடியாது என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வீதியைக் கடந்து எதிர்க் கடைக்குப் போனார். உன்னையும் அன்று இப்படித்தான் அனுப்பியிருக்க வேண்டும்.

நீ கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி, வெள்ளவத்தைக்கு என்னைத் தேடியே வந்தாய். இடது கன்னம் வீங்கிக் கண் சிறுத்திருந்தது. பல் வைத்தியரிடம் போ என்றேன்.

"ஞாயிற்றுக்கிழமை கோயில் திருநாள். முதல் பாட்டு நான்தான் பாட வேணும். இந்த மூஞ்சியோட எப்பிடியடி நிக்கிறது? போன முறை டொக்டர் தந்த அந்தக் கப்சூலைத் தா. திங்கக்கிழமை பல்லைப் புடுங்குவன்" என்றாய்.

பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் அருகருகே இருந்த நாள் முதல் உனக்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. இருபது வருடம் மருந்தாளராக நின்றவள், துண்டைக் கேட்காமல் எடுத்துத் தந்தேன்.

ஞாயிறு நீ பாடினாய். வீக்கம் வற்றியிருந்தது. பின்வரிசையில் இருந்து கேட்டேன். என் மருந்தை நினைத்துப் பெருமைப்பட்டேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த கிழமை தொலைபேசியில் சொன்னாய்: "வயித்தோட்டம் நிக்குதில்லையடி." ஏதாவது தின்றிருப்பாய் என்று நினைத்து, வயிற்றுப்போக்கை நிறுத்தும் குளிசையையும் நானே சொன்னேன். வெளியேற வேண்டியதை உள்ளேயே அடைத்தது அது, என் இரண்டாவது பிழை. மூன்றாம் நாள் காய்ச்சலோடு உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

வார்டில் ஒரு பெண் டொக்டர் உன் கணவரிடம், "கிட்டடியில என்ன மருந்து எடுத்தவ?" என்று கேட்டார். "ஒண்டும் இல்லை" என்றார் அவர். பக்கத்தில் நின்ற எனக்கு வாய் வரவில்லை. பின்னேரம்தான் தனியே போய் டொக்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"வயித்தோட்டத்தைத் தந்த இந்தக் கிருமி வித்து மாதிரி, கெட்டிக் கோதுக்குள்ள உறங்கிக் கிடக்கும். குடலில இருக்கிற நல்ல கிருமிகள் அதை முளைக்க விடாது. நீங்க குடுத்த மருந்து அந்த நல்லதுகளை அழிச்சுப்போட்டுது. பிறகு பித்தநீர் பட வித்து முழிச்சிடும்."

முளைக்காமலே தடுக்க ஒரு மருந்து இல்லையா என்று கேட்டேன்.

"தேடிக்கொண்டிருக்கினம். எங்கட கைக்கு இன்னும் வரேல்லை. இப்போதைக்கு, தேவையில்லாமக் குடுக்காமல் இருக்கிறதுதான் முதல் தடுப்பு."

வெளியே வரும்போது, சுவரில் இருந்த கிருமி கொல்லும் ஜெல்லைக் கையில் பூசினேன். ஒரு தாதி மறித்தார். "அது காணாது. அந்த வித்துச் சாகாது. சோப் போட்டுக் கழுவுங்கோ." குழாயடியில் நெடுநேரம் நின்றேன்.

மருந்தை மாற்றியதும் நீ தேறி வீட்டுக்குப் போனாய். உன் கட்டிலருகே இருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கு விளங்கினதுதான். நீ தரேல்லையெண்டா வேற கடையில வாங்கியிருப்பன்" என்றாய். பிறகு என் கையைப் பிடித்து, "அவருக்குச் சொல்லிப்போடாத. தாங்க மாட்டார்" என்றாய். தலையாட்டினேன்.

மிஞ்சிக் கிடந்த வித்துகள் மூன்று கிழமைக்குள் மறுபடி முளைத்தன. இரண்டாம் முறை உன் உடம்பு ஈடுகொடுக்கவில்லை.

நீ போன பிறகும் உன் கணவர் மாதம் தவறாமல் பிரஷர் குளிசைக்கு என்னிடமே வந்தார். வீட்டுக்குப் பக்கத்தில் கடை இல்லாமலில்லை. "தங்கச்சி, நீங்க எடுத்துத் தந்தாத்தான் எனக்கு நம்பிக்கை" என்பார். அந்தச் சொல்லை ஒவ்வொரு மாதமும் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் சொல்லிவிட்டேன்.

குளிசைப் பைக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "அவ கேட்டவவோ, நீங்களாக் குடுத்தனீங்களோ?"

"கேட்டவ, அண்ணை. நான் குடுத்திருக்கக் கூடாது."

"ஆஸ்பத்திரியில நான் ஒண்டும் இல்லையெண்டு சொல்லேக்க, நீங்க பக்கத்தில நிண்டனீங்கள்."

"ஓம்" என்றேன்.

மேசையில் இருந்த குளிசைப் பையை எடுக்காமலே படியிறங்கிப் போனார். அதன்பின் வரவில்லை. தொலைபேசியையும் எடுப்பதில்லை. உனக்குத் தந்த வாக்கையும் மீறினேன், அவருடைய நிம்மதியையும் கெடுத்தேன். நீ இருந்தால் என்ன சொல்வாய் என்று கேட்டுப் பார்க்கிறேன்.

அவர் வேறு எங்காவது வாங்குகிறாரா, குளிசை எடுப்பதையே விட்டுவிட்டாரா என்பதுதான் இப்போது என் பயம். நாளை கடை பூட்டு. கொட்டாஞ்சேனைக்குப் போகிறேன். கதவு திறக்காவிட்டால் பக்கத்து வீட்டில் கேட்பேன், அவர் மருந்து எடுக்கிறாரா என்று மட்டும்.