மரம் பார்க்கவா, ஆளைப் பார்க்கவா

மச்சான்,

ஈரத் துணி சுற்றிய தயிர்ச் சட்டியின் மணம் கையைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டேன். மண்ணும் புளிப்பும் பழந்துணியும் கலந்த அந்த மணம் விரல் இடுக்கில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நேற்று இந்தக் கையோடுதான் கொழும்பில் அந்தப் பெரிய பூங்காவின் வாசலில் நின்றேன். உள்ளே போவதா, திரும்பிவிடுவதா என்று நின்றேன். நீங்கள் மவுத்தாகி மண்ணுக்குள் போய், நான் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்து முடித்து, வீட்டுப் படியைத் தாண்டிய முதல் பயணம் அது.

நம்முடைய மகள் சிபானாவுக்குத் தாதிப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. தங்குமிடத்தில் அவளை விடப் போனேன். வெறுங்கையோடு போக ஏலுமா? நம் பக்கத்து ஆள் கொழும்புக்குப் போகும்போது பல் துலக்க மறந்தாலும் மறப்பான், தயிர்ச் சட்டியை மறக்கமாட்டான். நல்ல எருமைத் தயிராகச் சம்மாந்துறையில் எடுப்பித்து, வாயை வாழையிலையால் மூடி, உங்களுடைய பழைய சாரனை நனைத்துச் சுற்றி, முடிச்சுப் போட்டு, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுபோனேன். தங்குமிடத்து வீட்டுக்கார அம்மா வேலைக்குப் போயிருந்தார், பின்னேரம்தான் வருவாராம். மகளின் அறையோ தகரக் கூரையின் கீழ் அவிந்துகொண்டிருந்தது. அங்கே வைத்தால் தயிர் தண்ணீராகிவிடும். பெட்டியை வைத்துவிட்டுச் சட்டியோடு வெளியே வந்தோம்.

"உம்மா, வாப்பா செல்ற கதையில வாற அந்தப் பெரிய மரம் இஞ்ச கிட்டத்தானாம். நிழலும் இரிக்கும். பாத்திட்டு வருவமா?" என்றாள் உங்கள் மகள்.

அவளுக்கு என்ன தெரியும்? நீங்கள் சொன்ன கதைதான் தெரியும். கொழும்புப் பூங்காவில் உம்மா ஒருவனின் தலையில் தயிர்ச் சட்டியை உடைத்தாள் என்று ஊருக்கே சொல்லிச் சிரித்தீர்களே, அந்தக் கதை. இன்றைக்கும் மருதமுனைச் சந்தையில் என்னைக் கண்டால், "தயிர்க்குண்டு வாறா, ஒதுங்குங்க" என்கிறார்கள். அங்கே ஆட்கள் உங்களை அடித்ததை மட்டும் நீங்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை. வலது காது எப்படிப் போனது என்று கேட்டவர்களிடம் டிரக்டர் சத்தம் என்றீர்கள். அந்தப் பொய்க்காக உங்களோடு எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, மவுத்தானவர் என்று பார்க்கமாட்டேன்.

அப்போது கொழும்பில் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்துக் கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. தொப்பியைக் கண்டாலும் அபாயாவைக் கண்டாலும் ஆட்கள் வீதி மாறி நடந்தார்கள். என்கூடப் பிறந்த காக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்று பார்க்கப் போனோம். பார்வையிடும் நேரம் வரும்வரை எங்கே இருப்பது என்றபோது பூங்காவுக்குப் போவோம் என்றீர்கள்.

"கடலும் வயலும் இரிக்கிற ஊருல இருந்து வந்து, மெனக்கெட்டுப் பூங்கா பாக்கணுமா? இந்த நேரத்துல நம்மளப் பாக்கிற பார்வ உங்களுக்கு வெளங்கல்லியா?" என்றேன்.

"நம்மட ஊருல எல்லாம் இரிக்கி புள்ள, பெரிய மரம் இல்லியே. லொறிக்கார ஆக்கள் செல்ற, பத்துப் பேர் சேந்து பிடிச்சாலும் கட்ட ஏலாதாம். ஒள்ளுப்பம் நேரம் அதுக்குக் கீழ இருந்திட்டுப் போவம்."

நெல் ஏற்றிக்கொண்டு நாள் முழுக்க வெயிலில் டிரக்டர் ஓட்டும் மனிசன் நிழலுக்கு ஆசைப்பட்டால் நான் என்ன சொல்ல? வாசலைத் தாண்டிக் கொஞ்சத் தூரம்தான் போயிருப்போம். ளுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று, கை கால் கழுவி உளு எடுக்கத் தண்ணீர்க் குழாயைத் தேடிப் போனீர்கள். நான் பெண்களுக்கான பக்கம் போனேன். போகும்போது நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய மடத்தனம் ஒன்றைச் செய்தோம். வெயில் படாமல் இருக்கட்டும் என்று, காக்காவுக்கென்று கொண்டுபோன, துணி சுற்றி முடிச்சுப் போட்ட தயிர்ச் சட்டியைச் செடி அடர்ந்த ஒரு பற்றைக்குக் கீழே, நிழலாகத் தள்ளி வைத்துவிட்டுப் போனோம். ஊரில் தயிரை நிழலில் வைப்பவனை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அந்த மாதத்தில், அந்த இடத்தில், தாடிக்காரர் ஒருவர் மூட்டையைப் பற்றைக்குள் வைத்துவிட்டு வேகமாக நடந்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? அது எங்கள் மண்டையில் ஏறவே இல்லை.

முதலில் கத்தியவன் கடலை வண்டிக்காரன். நான் ஓடி வந்தபோது ஒரு கையால் உங்கள் தாடியைப் பிடித்திருந்தான், மறு கையில் கடலை வறுக்கிற இரும்புக் கரண்டி. பின்னாலிருந்து இரண்டு பேர் உங்கள் கையை முறுக்கிப் பிடித்திருந்தார்கள். முழங்காலால் வயிற்றில் குத்தினார்கள். நீங்கள் "மீகிரி, மீகிரி" என்று, தயிருக்கான சிங்களச் சொல்லை வாயில் இரத்தத்தோடு சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். கரண்டி காதில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது மச்சான். தேங்காய்ச் சிரட்டை உடைகிற சத்தம் அது. சுற்றி நின்ற கூட்டத்தில் ஒருவனாவது குனிந்து அந்தத் துணியை அவிழ்த்துப் பார்த்தானா? எல்லாரும் பற்றையை விட்டுத் தூரமாய் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

நான் பற்றைக்குள் கையை விட்டுச் சட்டியைத் தூக்கினேன். தூக்கியதுதான் தாமதம், கூட்டம் அலறிச் சிதறியது. செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள், உங்களைப் பிடித்திருந்த இரண்டு பேரும் ஓடினார்கள். முதுகைக் காட்டி நின்ற அந்தக் கடலைக்காரன்தான் மிச்சம். திரும்பினான். நெற்றியில் உடைத்தேன். தயிரும் இரத்தமும் ஒன்றாய் வழிந்து அவன் வாய்க்குள் போனது. இன்னொரு சட்டி இருந்திருந்தால் அதையும் உடைத்திருப்பேன், அல்லாஹ் சத்தியமாய். ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடியும் பாய்ந்தவளை நீங்கள்தான் இடுப்பைப் பிடித்து இழுத்தீர்கள். பொலிஸ்காரர் வந்து, மண்ணில் கிடந்ததை மோந்து பார்த்துவிட்டு, எங்களைப் போகச் சொன்னார். ஆட்டோவில் காதைப் பொத்திக்கொண்டு இருந்த நீங்கள் சொன்ன முதல் வார்த்தை, "நல்ல கட்டித் தயிரு புள்ள, வீணாப் போயிட்டு." எனக்கு உங்களையும் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் நான் நானாக இல்லை. சூரை மீனின் தலையை வெட்டும்போது அவன் தலை என்று வெட்டினேன். பூசணிக்காயை இரண்டாய்ப் பிளக்கும்போதும் அவன்தான். உங்கள் காதுக்காகக் கொழும்பு கிளினிக்குக்குப் போன ஒவ்வொரு தடவையும் ஆட்டோ அந்தப் பூங்கா மதிலை ஒட்டித்தான் போகும். ஒவ்வொரு தடவையும் உங்கள் நல்ல காதுக்குள் கத்துவேன்: "உள்ளுக்குப் போவம் மச்சான். அவன்ட மூஞ்சிய ஒருக்காப் பாக்கணும்!"

நீங்கள் மதிலைப் பார்த்தபடியே கேட்பீர்கள். "மரம் பாக்கவா, ஆளப் பாக்கவா? மரம் பாக்கவெண்டா இறங்கு, போவம். ஆளப் பாக்கவெண்டா நான் வரல்ல."

மரம் பார்க்க என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். என் வாயில் வரவில்லை. ஊருக்குத் திரும்பியதும் அந்தக் கோபத்தை உங்கள்மேல் காட்டினேன். "கோழ! என்ட வீட்டுல இரிக்காதீங்க, ஒழும்பிப் போங்க!" என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன். உம்மா எனக்குத் தந்த சீதன வீடுதானே, அந்தத் திமிர். "போறன் புள்ள, முத்தத்துல நெல்லு காயுது, அள்ளிப் போட்டுட்டுப் போறன்" என்பீர்கள். மரத்தைக் காணாமலேயே ஒரேயடியாகப் போய்விட்டீர்கள்.

நேற்று வாசலில் நின்று மகளிடம், "வேணா, வா போவம்" என்றேன். இரண்டடி நடந்தேன். பிறகு நின்றேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? சட்டியின் பாரத்தைக் கையால் தூக்கி அளந்து பார்த்தேன். அன்றைய சட்டியைவிடக் கனம். "சரி, வா" என்று திரும்பினேன். அவள் மரத்தைப் பார்க்கப் போகிறோம் என்று துள்ளிக்கொண்டு வந்தாள்.

வாசல் காவலாளி துணியை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்தேன். குனிந்து பார்த்து, "ஆ, மீகிரி" என்று சிரித்துவிட்டு வழி விட்டார். அவ்வளவுதான். அன்றைக்கு ஒருவன், ஒரே ஒருவன், இப்படிக் குனிந்திருக்கக் கூடாதா?

அவன் இருந்தான் மச்சான். அதே பக்கம், அதே வண்டி. நரைத்துவிட்டான். நெற்றியில் முடி முளைக்காத ஒரு கோடு, அது என்னுடையது. கரண்டியால் கடலை கிளறிக்கொண்டிருந்தவன் முதலில் சட்டியைப் பார்த்தான், பிறகுதான் என் முகத்தைப் பார்த்தான். கரண்டி நின்றது. மற்றக் கை தானாகவே நெற்றிக்குப் போனது. ஒரு அடி பின்னால் வைத்து வண்டியின் மறுபக்கம் நின்றான். அவன் பயந்தான். இத்தனை காலம் மீன் தலையிலும் பூசணியிலும் நான் தேடிய பயம் அதுதான். இனித்தது. சட்டியின் கழுத்தை இறுக்கிப் பிடித்தேன், கிட்டப் போனேன்.

உங்கள் நல்ல காதுக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று பழகிப்போன உடம்பு இது. அந்தப் பக்கத்திலிருந்து நீங்கள் கேட்டீர்கள், எப்போதும் கேட்பதைத்தான்.

"அந்தப் பெரிய மரம் எங்க இரிக்கி?" என்றேன் அவனிடம். கேள்வியாக வரவில்லை, அறையாகத்தான் வந்தது.

கரண்டியாலேயே காட்டினான். "அங்க, அம்மா" என்றான் தமிழில்.

மரம் அங்கேதான் இருந்தது. வேர்களே ஆள் உயரத்துக்குச் சுவர்கள். லொறிக்காரர்கள் பொய் சொல்லவில்லை. இரண்டு வேர்களுக்கு நடுவில் சட்டியை வைத்தேன், ஆனால் கையை எடுக்க முடியவில்லை. சட்டியைப் பிடித்துக்கொண்டே ஊளையிட்டு அழுதேன். பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு இருந்த சோடி எழும்பிப் போய்விட்டது.

"அந்த ஆள் ஏன் உம்மா உங்களக் கண்டு பயந்த?" என்றாள் மகள்.

சொன்னேன். நீங்கள் மூடி வைத்த எல்லாவற்றையும் சொன்னேன். தாடி, முழங்கால், கரண்டி, காது. "டிரக்டர் சத்தமெண்டு செல்லிச்சே வாப்பா..." என்றவள் முகம் மாறியது. என் இரத்தம் அல்லவா? எழும்பினாள். கீழே கிடந்த கல்லை எடுத்துக்கொண்டு வண்டி இருந்த பக்கம் பாய்ந்தாள். நான் ஓடிப் போய் அவள் கையைப் பிடித்தேன். உதறினாள். இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவள் என்னை அடித்தாள் மச்சான், தோளில், சொந்த உம்மாவை.

"மரம் பாக்க வந்த. மரத்தப் பாரு!" என்று கத்தினேன்.

கத்திய பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று விளங்கியது. கல் விழுந்தது. நாங்கள் இருவரும் அந்த வேரில் சாய்ந்து, பஸ்ஸுக்கு நேரமாகும்வரை இருந்தோம். தயிர் ஒரு துளி சிந்தாமல் வீட்டுக்கார அம்மாவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

நான் அவனை மன்னிக்கவில்லை. மறுமையில் உங்கள் காதுக்கு அவன் பதில் சொல்லட்டும், நானும் பக்கத்தில் நிற்பேன். மீன் தலை வெட்டும்போது அவன் இனியும் வருவான். மகளின் மணிக்கட்டில் என் விரல்கள் பதிந்த அடையாளம் கிடந்தது. அதைத் தடவிக்கொண்டேதான் என்னை வழியனுப்பினாள். உங்களிடம் பொய் சொல்லமாட்டேன், அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. நேற்று நான் உள்ளே போனது ஆளைப் பார்க்கத்தான். ஆனால் வழி கேட்டது மரத்துக்கு.